வெண்மதி டைப் அடிக்க வேண்டிய கதை

1

இந்தக் கதையை நான் எழுதியிருக்கக் கூடாது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வேறொரு கதையை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கப் போன இடத்தில் இது கண்ணில் பட்டுத் தொலைத்தது.

இடம், செஞ்சியில் அப்துல் சுக்கூர் பாயின் ஜெராக்ஸ் கடை. அங்கே ஆறு வருடமாக டைப் அடிப்பவள் வெண்மதி. என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன். (என் மனைவி கவனத்துக்கு: உனக்கும் தெரியும், ஆனால் நீ படிப்பதில்லை.)

2

தொடக்கம் ஒன்று: "கோட்டையின் நிழலில் ஒரு சிறிய கடை…" கோடு போட்டு அடித்துவிட்டேன். கடைக்கும் கோட்டை மலைக்கும் நடுவே பாதி ஊர் இருக்கிறது. நிழல் அவ்வளவு தூரம் வராது.

தொடக்கம் இரண்டு: ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கடை திறந்த காலை. வெண்மதி கம்ப்யூட்டரைப் போட்டாள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, நாலு எண்ணுவதற்குள் எல்லாம் அணைந்தது. சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் நாலுதான்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

நான் போனபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பூஜ அன்னிக்கு கெளம்புற அவசரத்துல ஒழுங்கா ஆஃப் பண்ணாம பிளக்க புடுங்கிட்டேன் பாய். எம்மேலதான் தப்பு. ஆறு வருஷத்து ஃபைலும் அதுலதான் இருக்குது. நாளையிலருந்து நான் வரல."

"இன்னாம்மா நீ, மெஷினுன்னா மக்கர் பண்ணத்தான் செய்யும். போயி டீ சொல்லி வாங்கிட்டு வா," என்றார் பாய்.

வெண்மதி சொன்னால் செய்துவிடுபவள். நாளைக்கு வரமாட்டாள் என்றால் வரமாட்டாள்தான். பாயின் முகத்தில் அந்தக் கவலை தெரிந்தது.

("இவள் குடும்பச் சூழல் பற்றி இங்கே இரண்டு பத்தி" என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். அதையும் அவளே டைப் அடிக்க வேண்டுமே என்று கூசியது. விட்டுவிட்டேன்.)

4

பாய் சிபியு பெட்டியைத் திறந்தார். ரேமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். நாலு நொடி. வேறு ஒயர் போட்டார். நாலு நொடி. தூசியை ஊதினார், தும்மல் வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, முன்பக்கத்து பவர் பட்டனை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அது உள்ளே அமுங்கியபடியே நின்றது.

பட்டன் மேல் பூஜையன்று வெண்மதி வைத்த சந்தனப் பொட்டு. தாராளமாகக் குழைத்து வைத்திருந்தாள். இடுக்கில் வழிந்து, நாலு நாளில் காய்ந்து, காலையில் அமுக்கிய பட்டனை வெளியே வரவிடாமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பட்டன் அமுங்கியபடியே இருந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுமாம். (இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.)

பாய் ஒரு பல்குச்சியால் அதைச் சுரண்டி எடுத்தார். பட்டன் வெளியே வந்தது.

"சார், அதுகிட்ட சொல்லிடாதீங்க. வருஷா வருஷம் நாந்தான் சந்தனம் வாங்கியாந்து குடுக்கறேன். தெரிஞ்சா அடுத்த வருஷம் வெக்காது அந்தப் பொண்ணு."

வெண்மதி டீயோடு வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒயர் லூசா இருந்துச்சும்மா. நீ புடுங்குனதால ஒண்ணும் ஆவல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

5

இப்போது என் சிக்கல் புரிகிறதா? பாய் மறைத்ததை நான் எழுதிவிட்டேன். இதை டைப் அடிக்கப் போகிறவளும் அவளேதான்.

முடிவு ஒன்று: சந்தனத்தை எடுத்துவிட்டு, எலி ஒயரைக் கடித்ததாக எழுதலாம். கதை அங்கேயே செத்துப்போகும்.

முடிவு இரண்டு: உண்மை தெரிந்து வெண்மதி வேலையை விட்டு… இல்லை, என் கை ஓடவில்லை.

முடிவு மூன்று: தெரியவில்லை. தாளின் அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். படிக்கிறவர் யாரோ, முடித்துக்கொள்ளுங்கள்.

[சார், அன்னிக்கி குப்பைய கொட்டப் போனப்பவே பல்குச்சிய பாத்துட்டேன். சந்தனம் ஒட்டியிருந்துச்சு. நான் பாத்தது பாய்க்குத் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க. அடுத்த வருஷமும் வெப்பேன், பட்டன விட்டுட்டு ஓரமா. நாலாவது பக்கத்துல ரெண்டு வார்த்த புரியல, நானே போட்டுட்டேன். - வெண்மதி]