அண்ணியின் விரலுக்கு ஏற்ற கட்டளைகள்

ஒலி ஆராய்ச்சிப் பிரிவு கைகழுவிவிட்டுப் போன கணினி அது. மூன்று பீரோ அகலம்; நினைவகமோ இரண்டு பக்கக் கடிதத்துக்கே மூச்சு வாங்கும். அதன் சூட்டில் ஆபீஸே ஈரக்குடை காயவைத்தது. நான் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு மாரடித்தேன். இயங்குதளத்தை நானே எழுதிவிடுவேன் என்ற திமிர். ஆறு மாதமாக எழுதியது அத்தனையும் அந்த இயந்திரத்துக்கு மட்டுமே புரியும் பாஷையில். அது போனால் என் உழைப்பும் போச்சு.

வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரர் லாரியோடு வருவார் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த அறையில் இயக்குநருக்கு நாற்காலி போட வேண்டுமாம். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அன்றைக்கு ஐந்து நிமிடம் இயக்கிக் காட்ட அனுமதி வாங்கினேன்.

ஒத்திகைக்கு அதே ஆபீஸில் தட்டச்சராக இருந்த அண்ணியைக் கூப்பிட்டேன். கணினியோடு இணைந்த தட்டச்சுப் பொறியில் விசைகள் அப்படியொரு இறுக்கம். கோப்புகளின் பட்டியலைக் கேட்கும் முதல் கட்டளையை அடித்து முடிப்பதற்குள் அண்ணி விரலை உதறினார்.

"இது பொத்தானா தம்பி, ஆணியா? இவ்ளோ நீளமா அடிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

"படிச்சா புரியணும்ல அண்ணி?"

"அடிக்கிறவளுக்குப் புரிஞ்சா போதும். ரெண்டே எழுத்து. மூணாவது அடிக்கச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. எவ்வளவு அழகான சொற்கள்! முனகிக்கொண்டே எல்லாவற்றையும் வெட்டினேன். வெட்டியதில் நினைவகத்திலும் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதை அண்ணியிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வாசலில் நிற்க, இயக்குநர் வந்தார். அண்ணியை உட்காரச் சொன்னேன்.

"நீங்களே அடிச்சுப் பாருங்க சார்" என்று அண்ணி ஒதுங்கிக்கொண்டார்.

இயக்குநர் ஒற்றை விரல் ஆசாமி. ஒரு வரி அடிப்பதற்குள் பொழுது போய்விடும். அவர் கடிதமெல்லாம் அடித்துக் கொடுக்கும் அண்ணிக்கு இது தெரியாதா என்ன?

அவர் ஒரு எழுத்தைத் தேடி அழுத்தினார். இன்னொன்று. பட்டியல் கடகடவென்று தாளில் அச்சாகி வந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோதானா? யார் துணையும் வேணாமா?"

இரும்புக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், தூக்கிடலாமா?"

"எதை? ஆள் உக்காந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

லாரி காலியாகத் திரும்பியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு மணிக்கு என் வேலையைத் தொடரலாம் என்று போனேன்.

இயக்குநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வரிசைல வாங்க தம்பி. எனக்கப்புறம் உங்க அண்ணி கேட்டிருக்காங்க."