சாப்பாட்டு மேசையில் தையல் பழகியவள்

யார் ஆஸ்பத்திரியில் பழகுவது, யார் வீட்டிலிருந்து பழகுவது என்ற குலுக்கலில் தனக்கு வீட்டுக் குழு விழுந்ததும் அந்த இளம் டாக்டர் நேராக ஆய்வாளரின் அறைக்கு வந்துவிட்டாள். கோபம் மூக்கு நுனியில் இருந்தது.

“மேடம், மத்தவங்க பேராசிரியர் பக்கத்துல நின்னு ஆபரேஷன் கத்துக்குவாங்க. நான் மட்டும் வீட்ல பெட்டிய வச்சுக்கிட்டு, கேமராவுக்கு முன்னாடி தையல் போடணுமா? என் கை கெட்டுப்போச்சுன்னா யார் பொறுப்பு?”

“நான்தான்,” என்றார் ஆய்வாளர். அறுவை சிகிச்சையைத் தூரத்திலிருந்தே பழக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. முடியாது என்று தெரிந்தால், வீட்டுக் குழுவுக்கு மறுபடி முதலிலிருந்து கற்றுத்தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தையல் பழக ரப்பர் தோல் வைத்த பெட்டி ஏறியது. கணினித் திரையில் பேராசிரியர் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூங்குதும்மா, எழுப்புங்க!”

சோபாவில் சாய்ந்திருந்த அவள் கணவர் துள்ளி எழுந்தார். “நான் எங்க சார் தூங்கினேன்?”

“உங்கள இல்லப்பா, சும்மா கெடக்குற அவங்க இடது கைய.”

தேர்வன்று இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி ரப்பர் தோல், ஒரே ஊசி. கைகளை மட்டும் படம் பிடித்தார்கள். யார் எங்கே பழகியவர் என்பது மதிப்பெண் போடுபவர்களுக்குத் தெரியாது. அவளுக்குப் பாதியில் நூல் அறுந்தது. வேறு நூல் கோத்து முடித்துவிட்டு, தொங்கிய முகத்தோடு வெளியே வந்தாள்.

“சொதப்பிட்டேன் மேடம்.”

ஆய்வாளருக்கு அதன்பின் எதிலும் மனம் ஓடவில்லை. கடைசியில், மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பார்த்த புள்ளியியல்காரர் போனில் வந்தார்.

“ரெண்டு குழுவுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல மேடம்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நீங்க இப்படிக் கேப்பீங்கன்னுதான் மறுபடியும் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆனா ஆள் கம்மி. இன்னும் நிறையப் பேர வச்சுப் பாக்கணும்.”

“பாக்கலாம், தாராளமாப் பாக்கலாம்!” ஆய்வாளர் ஆஸ்பத்திரி நடைபாதை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண் கலங்கியது. உடனே அவளை அழைத்தார்.

“உங்க கைக்கு ஒண்ணும் ஆகலம்மா.”

“அந்த நூல் அறுந்துச்சே?”

“அறுந்தும் பதறலன்னு கூடுதலாவே மார்க் போட்டிருக்காங்க.”

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு. பிறகு இருவரும் காரணமே இல்லாமல் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு நோயாளியின் வயிற்றில் கடைசித் தையலை அவளிடம் விட்டார்கள். போட்டு முடித்தாள். மயக்க மருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு,” என்றுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். முகக்கவசத்துக்குள் அவள் சிரித்துக்கொண்டாள்.