வராத தந்தி

ஊர் முனையில் முனிரத்தினத்துக்குச் சிலை வைக்கப் போகிறார்கள். கார்கில் சண்டையில் செத்துப்போனவனை நினைக்க ஊருக்கு இத்தனை வருஷம் ஆயிற்று, போகட்டும். கல்வெட்டில் என்ன வெட்டலாம் என்று கேட்க, ஊராட்சித் தலைவர் பாண்டியன் வீட்டுக்கே வந்துவிட்டார். முனிரத்தினத்தின் அம்மா எல்லம்மாளுக்கு வாயெல்லாம் பல்.

"எயுதிக்கோ நைனா. லீவுல வந்த புள்ள, சோத்துல கை வச்சிக்கினு கீறான், தந்தி வந்துச்சி. நாட்டுக்கோசரம் அப்பிடியே எய்ந்து பூட்டான்."

பாண்டியன் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

அடுப்படியில் நின்ற மருமகள் தேவகி கரண்டியைக் கீழே வைத்தாள். தந்தியாவது மண்ணாவது! புருஷனை எழுப்பி அனுப்பியது அவள் வாய். வாலாஜாபாத்தில் அவள் தம்பிக்கு நிச்சயதார்த்தம். லீவு முழுக்கத் தன் அம்மா வீட்டுக் கூரையைப் பிரித்து வேய்ந்தவன், அங்கே வர மட்டும் நேரமில்லை என்றான். "உனுக்கு இன்னாத்துக்குப் பொண்டாட்டி? துப்பாக்கியக் கட்டிக்கினு அயுவு. இனிமே உன் மூஞ்சியக் காட்டாத" என்றாள். இன்னும் நாலு நாள் லீவு இருந்தது. அவன் கை கழுவிப் பெட்டியைத் தூக்கினான். வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்த எல்லம்மாள் திரும்பி வந்து, பாதிச் சோற்றுத் தட்டைப் பார்த்து மகன் எங்கே என்று கேட்டபோது, பயத்தில் தந்தி என்று சொல்லிவைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

நாலு நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்ததால் அவனை முதல் வண்டியில் மலைச் சண்டைக்கு ஏற்றினார்கள். லீவு முடித்து வந்தவர்களை அடிவாரத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள் என்று கூட இருந்த சிப்பாய் பின்னால் கடுதாசி போட்டான். பாவி, அதை ஏன் எழுதினானோ! படித்த அன்றே தேவகி அதை அடுப்பில் போட்டாள்.

வாயால் சொன்ன பொய் வாயோடு போகும். கல்லில் வெட்டினால்? தினமும் அந்த வழியாகத்தானே வேலைக்குப் போகவேண்டும்!

"அத்தே, தந்தி வர்ல" என்று எல்லம்மாள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். சண்டை, நாலு நாள், கடுதாசி என்று எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். கிழவி அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நாலு நாளு இருந்திருப்பானா?" என்றாள் எல்லம்மாள்.

"இருந்திருப்பாரு அத்தே."

"நாட்டுக்குக் குடுத்துட்டேன்னு நெனச்சிக்கினுதாமே நான் உசுரோட கீறேன்."

தேவகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலைவர் கைல போய் நெசத்தச் சொல்லிட்றேன்."

"வாணாம். கல்லுல அப்பிடியே இருக்கட்டும். ஊரு இன்னாத்துக்கு உன்னிய ஏசணும்?" எல்லம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். "உன் பாரத்த எங்கைல எறக்கிட்ட. நான் எங்கமே போய் எறக்கறது?"