அரிசி அறைக் கதவு

குருவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் அது வீட்டுக்குள் புகுந்த ஆடு மாதிரி, எதையாவது மேயாமல் வெளியே போகாது. பெங்களூரில் வேலை, வெள்ளிக்கிழமை ராத்திரி கடத்தூருக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவான். தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெங்களூரில் நல்லதாக ஒரு வீடு அமையும்வரை மனைவி மணிமேகலையை அம்மா அப்பாவோடு விட்டிருந்தான். வந்துபோகிற அந்த இரண்டு நாளில், பிறந்து வளர்ந்த வீட்டின் கதவுகளை முதல்முறையாகப் பார்ப்பவனைப் போலத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இம்மாம் நல்ல தேக்க வச்சிக்கிட்டு, மேல காப்பித்தூள் கலர்ல எனாமல் அடிச்சி வச்சிருக்கீங்களேப்பா. எல்லாத்தயும் உரிச்சிட்டு பாலிஷ் போட்டா வூடு எப்பிடி இருக்கும் தெரியுமா."

மாதேஸ்வரன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "செஞ்சிக்க" என்றார்.

அடுப்படியில் நின்றிருந்த அவன் அம்மா ராமக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள். எல்லாத்தையும் என்றால் அரிசி அறைக் கதவும்தான். அதை மட்டும் விட்டுவிடச் சொல்லலாம். ஏன் என்று மகன் கேட்பான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லிப் பல வருஷம் ஆகிறது.

வெண்மதி அவர்களுடைய மகள், குருவுக்கு இளையவள். பெரியவளாகிச் சீர் செய்தபோது, மேலெல்லாம் மஞ்சளும் சிரிப்புமாக ஓடிவந்தவள், வார்னிஷ் அடித்து முழுசாகக் காயாத அரிசி அறைக் கதவில் வலது கையைப் பதித்துவிட்டாள். "கதவ நாசம் பண்ணிட்டியேடி" என்று ராமக்காள் முதுகில் ஒன்று வைத்தாள். அவளுக்கு அதற்கும் சிரிப்புதான். அந்த வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் அவளை உயிரோடு திருப்பிக் கொண்டுவரவில்லை.

மாதேஸ்வரன் அழவில்லை. பதிலாகச் சுவரிலிருந்த போட்டோக்களைக் கழற்றினார். பாவாடை சட்டைகளை மூட்டை கட்டினார். ஆள் கூப்பிட்டு வீட்டின் உள்கதவுகள் அத்தனைக்கும் பெயின்ட் அடிக்கச் சொன்னார். யாராவது அவள் பெயரை எடுத்தால் எழுந்து வயலுக்குப் போய்விடுவார், சாப்பாட்டுக்கும் வரமாட்டார். ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த குரு லீவுக்கு வந்தபோது கதவுகள் எல்லாம் பழுப்பாகியிருந்தன. இந்த ஊரில் பேசத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது, பால் எடுக்க வருகிறவர்கூடப் பாதி நாள் பேசிவிட்டுத்தான் கேனைத் தூக்குவார். இந்த ஒரு வீட்டில்தான் பேச வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

ஆனால் பெயின்டுக்கு அடியில் கை இருந்தது. அது ராமக்காளுக்குத் தெரியும். அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் கதவைத் தள்ளுகிற சாக்கில் அந்த இடத்தில் உள்ளங்கையை வைப்பாள். மகளின் உயரம் அவள் தோளுக்குத்தான் வந்திருந்தது, அதனால் கையைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். அவள் மகளைப் பார்த்துவிட்டு வந்த கணக்கு அது. அது போதுமென்று இருந்தாள்.

பாலிஷ் வேலைக்கு வந்தவர் சவுரியப்பன். தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஐம்பதைத் தாண்டியவர், வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். முன்கட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு வந்தார். காஸ்டிக் சோடாவைக் கரைத்துத் தடவினால் எனாமல் சுருண்டு தொங்கியது, தகட்டால் வழித்தால் கீழே தேக்கு தெரிந்தது. அழகாகத்தான் இருந்தது. ராமக்காளுக்கு மட்டும் ஒவ்வொரு கதவும் உரியும்போது அடுத்தது எது என்ற பயம்.

மாதேஸ்வரன் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவரைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கதவுல பெயின்ட்டுக்கு அடியில ஒரு மஞ்சக் கை இருக்குதுங்க. அத மட்டும் வுட்டுட்டுப் பெயின்ட்ட எடுக்க முடியுமா?"

"யாரு கைங்கம்மா?"

"எம் பொண்ணு. வெண்மதி."

வெளியாளிடம் சொல்லிவிட்டாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. சவுரியப்பன் முனகலை நிறுத்திவிட்டுக் கதவின் முன்னால் உட்கார்ந்தார். நகத்தால் ஓரத்தில் சுரண்டிப் பார்த்தார்.

"காஸ்டிக் பட்டா மஞ்ச நிக்காதும்மா. ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குதில்ல, அது மாதிரி செவந்து தண்ணியோட ஓடிடும். சூடு காட்டி மெதுவா எடுத்துப் பாக்கலாம். வார்னிஷ்ல ஊறியிருந்தா நிக்கும். நிக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"எடுத்துப் பாருங்க" என்றாள். வேறு வழி என்ன இருந்தது? எடுக்கச் சொல்லாவிட்டால் மகன் சோடா போட்டு எடுக்கச் சொல்லுவான்.

நிலைக்கு மட்டும் வழக்கம்போலச் சோடா போட்டுக் கழுவினார். கதவுக்கு ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து, எனாமல் இளகியதும் தகட்டால் சீவல் சீவலாக எடுத்தார். ராமக்காள் பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு, அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கினாள். முதலில் உள்ளங்கையின் அடி தெரிந்தது. பழைய பித்தளை நிறம். பிறகு பெருவிரல். மறுநாள் நடுவிரல்கள். கடைசியாகச் சுண்டுவிரல் வந்தபோது ராமக்காள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். வெண்மதிக்குச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கோணியிருக்கும், கதவிலும் அப்படியே கோணியிருந்தது. அந்தக் கோணலை அவள் மறந்தேபோயிருந்தாள். பெற்றவள் மறந்ததைக் கதவு வைத்திருந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள், சவுரியப்பன் தகட்டைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கிளம்பும்போது சொன்னார்: "நாளைக்குப் பெரிய வெள்ளிங்கம்மா, கோயிலுக்குப் போவணும், வர மாட்டேன். சனிக்கிழம வந்து மொத வேலையா இதுமேல சீலர் அடிச்சிடறேன். அடிச்சிட்டா உங்க பேரன் பேத்தி காலத்துக்கும் அழியாது."

"இன்னிக்கே அடிக்கக் கூடாதா?"

"மரம் ஈரமா இருக்குது. நிலையில வேற சோடா இன்னும் ஊறிக் கெடக்கு, வினிகர் போட்டு இன்னொருவாட்டி கழுவணும். இப்ப அடிச்சா வெள்ளையாப் பூத்துக் கையையே மறைச்சிடும். நாளைக்கு ஒரு நாளு, ஈரத்துணி படாமப் பாத்துக்குங்க. வார்னிஷ் இளகிப்போயி மெல்லிசா நிக்குது."

வெள்ளிக்கிழமை காரிமங்கலத்தில் பங்காளி வீட்டுக் கருமாதி. மாதேஸ்வரனும் ராமக்காளும் போகாமல் இருக்க முடியாது. கல்யாணமான புதுசு, கருமாதிக்கு மருமகளைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. கிளம்பும்போது ராமக்காள் மணிமேகலையிடம் சொன்னாள்: "அரிசி ரூம்பு பக்கம் போவாத கண்ணு. பெயின்ட் வாடை, தலைய வலிக்கும்."

அதைச் சொன்னதற்குப் பதில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். நாக்கு நுனிவரைக்கும் வந்ததுதான். மாதேஸ்வரன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார், அவர் காதில் விழுந்துவிடும் என்று விழுங்கிவிட்டாள்.

மணிமேகலை நல்ல பெண். அதுதான் கொடுமை. கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த வீடு பிழைத்திருக்கும். நாத்தனார் ஒருத்தி இருந்து இறந்துபோனாள் என்பது பெண் பார்த்தபோதே அவளுக்குத் தெரியும், கேட்கக் கூடாத விஷயம் என்பதும் வந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் பிறந்த வீட்டில் வெள்ளிக்கிழமையானால் நிலைகளைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். இங்கே பெயின்ட் அடித்த நாளிலிருந்து உள்நிலைகளுக்கு அது விட்டுப்போயிருந்தது, எனாமலில் மஞ்சள் ஒட்டாது. இப்போது மரம் வெளியே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை. ராத்திரி குரு வருகிறான். கருமாதிக்குப் போய்வருகிற அத்தைக்கு வீடு மங்களகரமாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அவர்கள் திரும்பிவந்து, பின்பக்கம் குளித்துவிட்டு உள்ளே வரும்போது மணிமேகலை ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள்.

"எல்லா நிலைக்கும் மஞ்ச வச்சிட்டேங்க அத்தை. அரிசி ரூம்புல வாடை ஒண்ணும் பெருசா இல்லிங்க, ஆனா பயந்தே போயிட்டேன். மஞ்ச பூசப் பூச ரத்தமாட்டம் செவந்துடுச்சி. பெயின்ட்டுக்காரரு ஏதோ மருந்து போட்டிருப்பாரு போலன்னு, சோப்புப் போட்டு நிலையையும் கதவையும் சேத்துத் தேச்சிக் கழுவிட்டேன். கதவுலயும் என்னமோ பழைய கறை திட்டுத்திட்டா இருந்துச்சு, கம்பி நார் போட்டேன், பளிச்சினு வந்துடுச்சி."

ராமக்காள் போய்ப் பார்த்தாள். கதவு பளிச்சென்றுதான் இருந்தது. நிலையில் மறுபடி பூசி லேசாகச் செம்மை தட்டிய மஞ்சளும் மூன்று குங்குமப் பொட்டும். அடியில் தரையோரம், அரிசி அறைப் படியின் சந்தில், சிவப்புத் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நின்றது. கை இருந்த இடத்தில் தேக்கின் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடின. அவ்வளவுதான். இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். குனிந்து பார்த்தாள். சுண்டுவிரலாவது இருக்கும் என்று தேடினாள்.

திட்டலாம் என்றால் யாரைத் திட்டுவது? அந்தப் பெண் கை சிவக்கச் சிவக்கத் தேய்த்து, நல்லது செய்துவிட்டு நிற்கிறது. சோடா போட்டவரைத் திட்டலாமா, எச்சரித்துவிட்டுத்தானே போனார். ராமக்காளுக்கு அழுகைகூட வரவில்லை. இரண்டு கையும் யாருடையதோபோலத் தொங்கின.

"ஏங்க அத்தை, நல்லா இல்லிங்களா?" மணிமேகலையின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நல்லா இருக்குது கண்ணு."

பின்னால் மாதேஸ்வரன் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துண்டு கையிலேயே இருந்தது. கதவைப் பார்த்தார். நேராக அந்த இடத்தையே பார்த்தார், ஒரு விரற்கடைகூட மேலே கீழே தேடவில்லை.

"நேத்து வரைக்கும் இருந்துச்சே" என்றார்.

ராமக்காள் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களா?"

"நீ கறவைக்குப் போற நேரத்துல, தெனமும் வந்து பாப்பேன்." கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சுண்டுவெரல் கோணலா இருந்துச்சே, பாத்தியா."

"என்னாதுங்க மாமா இருந்துச்சி?" என்றாள் மணிமேகலை.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல், இப்போது சொன்னால் அந்தப் பெண்ணைக் கொன்றுபோடும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, அவள் முகம் ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருந்தது. மாதேஸ்வரன் வாயைத் திறந்தார். "வெண்மதி கை" என்றார். பெண்ணைப் பறிகொடுத்த பிறகு அந்தப் பெயரை அவர் சொன்னது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வழக்கம்போல வயலுக்குப் போய்விடவில்லை, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். மணிமேகலை தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, "யாரும் சொல்லலீங்களே அத்தை, யாரும் சொல்லலீங்களே" என்று அதையே சொல்லி அழுதாள்.

சனிக்கிழமை சவுரியப்பன் சீலர் டப்பாவோடு வந்தார். கதவின் முன்னால் டப்பாவை வைத்துவிட்டு, வெகுநேரம் திறக்கவில்லை. "ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?" என்று ராமக்காள் கேட்டாள். இல்லை என்று தெரிந்தேதான் கேட்டாள். அவர் உள்ளங்கையால் மரத்தைத் தடவினார். "உப்புத்தாள் போட்டு எடுத்த மாதிரி போயிடுச்சிங்கம்மா" என்றார்.

மாதேஸ்வரன் உள்ளே வந்தார். "அந்தக் கதவுக்கு மட்டும் பழையபடி பெயின்டே அடிச்சிடுங்க. அதே கலரு."

குரு ராத்திரியே விஷயத்தைக் கேட்டிருந்தான். ஆனாலும் பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. "எல்லாம் பாலிஷ்ல இருக்க, இது ஒண்ணு மட்டும் தனியாத் தெரியும்பா."

"தெரியட்டும்."

மத்தியானத்துக்குள் அடித்து முடித்துவிட்டார் சவுரியப்பன். அதே காப்பித்தூள் நிறம். பழைய கதவு திரும்பி வந்து நின்றதுபோலத்தான் இருந்தது, பார்க்கிறவர்கள் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

பெயின்ட் காய்ந்த மறுநாள் ராமக்காள் அரிசி எடுக்கப் போனாள். கை பழக்கத்தில் தானாகத் தாழ்ந்து, அந்த இடத்துக்கு நேராகப் போயிற்று. தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அடியில் ஒன்றும் இல்லை. கையை இழுத்துக்கொண்டாள். பிறகு தாழ்ப்பாளைப் பிடித்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளந்தாள்.