மருமகனின் சைலன்சர்

அஷ்பாக்கின் மோட்டார் சைக்கிள் கம்பனியிலிருந்து வந்தபோது நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. சாவியைத் திருப்பி அழுத்தினால் ஒரு சின்னச் செருமல், பிறகு அடக்கமான முனகல், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவனுக்கே அது ஓடுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வரும். வாட்டசாட்டமான ஓர் இளந்தாரிக்கு இது எவ்வளவு பெரிய மானக்கேடு என்று பைக் ஓட்டாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, அவன் முனீபின் கராஜுக்குப் போனான். முனீப் அவனோடு ஒன்றாகப் படித்தவன். கிண்ணியாவில் காதைக் கிழித்துக்கொண்டு போகிற பைக்குகளில் பாதி அவன் கைபட்டவை. அளவான சத்தத்துக்கென்றே செய்த சைலன்சர் ஒன்றை வாங்கிப் பூட்டுவதுதான் ஒழுங்கு என்று முனீப் சொல்லத்தான் செய்தான். அஷ்பாக்குக்குப் பொறுமை இல்லை.

"இரிக்கிறதையே வெட்டு மச்சான்" என்றான்.

முனீப் சைலன்சரைக் கழற்றி, கிரைண்டரால் இரண்டாக அரிந்தான். சத்தத்தை அடக்குவதற்கென்று கம்பனிக்காரன் உள்ளே வைத்திருந்த குழாயையும் தகடுகளையும் மீனுக்குக் குடல் எடுப்பது போல உருவி எறிந்தான். வெறுங்கோதாகிப் போனதைத் திரும்பவும் ஒட்டிப் பூட்டிக்கொடுத்தான்.

அதன் பிறகு கேட்க வேண்டுமே! அஷ்பாக் வேலை செய்வது திருகோணமலை நகரத்தில், துறைமுகத்துப் பக்கம், படகு எஞ்சின் சாமான்கள் விற்கும் ஒரு கடையில். போகவும் வரவும் கிண்ணியாப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தில் ஏறி ஒரு முறுக்கு முறுக்கினால் சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்து நெஞ்சுக்குள் இறங்கும். பாலத்தோரம் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் திட்டுவதற்குத்தான் திரும்பினார்கள். இவன் ரசிப்பதற்கு என்று எடுத்துக்கொண்டான்.

இவனை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. வீட்டில் அப்படித் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். வேறு ஊர்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சொல்லும்போதே ஒரு நக்கல் இருக்கும். இங்கே அதுதான் வழமை. பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வந்தவர் ராசா. இருக்க நல்ல கதிரை அவருக்கு, மீனில் நடுத்துண்டு அவருக்கு. மாமனார் ஸெய்னுதீன், மருமகன் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் டிவியைக் குறைத்துவிட்டு எழும்புவார். மாமியார் ஹுஸ்னியா அவன் முன்னால் இருந்து நேருக்கு நேர் கதைத்ததே கிடையாது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று, மகள் நப்லாவைக் கூப்பிட்டு, "அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா எண்டு கேளு புள்ள" என்பார். அவன் காதில் அது நன்றாகவே விழும். இருந்தாலும் நப்லா ஒருமுறை திருப்பிச் சொல்வாள்.

சைலன்சர் வெட்டிய அன்று முற்றத்தில் பைக்கை நிறுத்தி, நன்றாக ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டிவிட்டு, "எப்பிடி மாமா சத்தம்?" என்று கேட்டான்.

ஸெய்னுதீன் ஒரு காதைத் தடவிக்கொண்டே, "மாஷா அல்லாஹ், நல்லாத்தான் இரிக்கி மருமகன். நீங்க வாறது பாலத்தடியிலேயே தெரிஞ்சிரும்" என்றார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, "அவருக்குப் புடிச்சா நமக்கும் புடிச்ச மாதிரித்தான் எண்டு சொல்லு புள்ள" என்று வந்தது.

இது போதாதா? அன்றிலிருந்து அவன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் திரும்பியதும், வீட்டார் கேட்டு மகிழட்டும் என்று, தனியாக இரண்டு முறுக்குக் கூடவே கொடுத்தான்.

குழந்தை ஸஹ்ராவுக்கு அப்போதுதான் பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. முதல் பிள்ளை. நன்றாகப் பால் குடித்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று மாறிப்போனது. ஏணைத் தொட்டிலில் கிடக்கும்போதே கையைக் காலை விரித்துத் துடித்து எழும்பும். பால் குடித்துக்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று விட்டுவிட்டு வீறிட்டு அழும். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தார்கள், நிறை ஏறியிருக்கவில்லை. நப்லாவின் முகத்தில் களை இல்லாமல் போயிற்று. அஷ்பாக்குக்கும் கடையில் கை ஓடவில்லை.

பிள்ளை எதற்கோ பயந்துவிட்டது, ஓதி ஊதிப் பார்ப்போம் என்று அவனேதான் சொன்னான். மாமாவும் மாமியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஓம், அதுவும் செய்வம்" என்றார்கள். ஓதுபவரிடம் ஓட்டோவில் பிள்ளையோடு நப்லாவும் அவர்களும் முன்னே போக, தகப்பன் அல்லவா, அஷ்பாக் துணைக்குப் பைக்கில் பின்னாலேயே போனான். ஓட்டோவை விட்டு ஒரு முழம் விலகவில்லை. பிள்ளை போகும்போதும் அழுதது, வரும்போதும் அழுதது. அந்த ஓட்டோவுக்குள் இருந்த மூன்று பேரில் ஒருவர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மூச்சு விடவில்லை.

பௌர்ணமிக்கு விடுகிற போயா விடுமுறை ஒன்றில், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் குடும்பநல மாது யசோதரா வந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அஷ்பாக் உள்ளறையில் படுத்திருந்தான். தூங்கவில்லை.

"திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எழும்புதெண்டு சொல்றீங்கள். கிட்டடியில ஏதும் பெரிய சத்தம் கேக்கிறதோ? பட்டறை, மில், அப்பிடி ஏதும்?"

"இல்ல மிஸ். ஒண்டும் இல்ல" என்றார் ஹுஸ்னியா.

"நான் போன முறை வந்துபோட்டுப் போகேக்க ஒரு பைக் காதைப் பிளந்துகொண்டு இந்த ஒழுங்கைக்குள்ளதானே வந்தது?"

ஹுஸ்னியாவின் குரல் தணிந்தது.

"அது ஆரோ ஒரு பொடியன் மிஸ். இந்தப் பக்கத்து ஆள் இல்ல."

"ஆரெண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ. பச்சைக் குழந்தை இருக்கிற இடமெண்டு ஒரு அறிவு வேண்டாமோ? அவனுக்கு ஒரு பிள்ளை இருந்தாத் தெரியும்."

"சொல்றம் மிஸ்."

அஷ்பாக் கட்டிலில் கிடந்தபடியே கூனிக் குறுகிப் போனான். ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிற மனுசி. பொய் சொல்லத் தெரியாத மனுசி. அவனுக்காக வாய் கூசாமல் சொல்லிவிட்டார். முற்றத்தில் நின்ற பைக்கை மாமா காலையிலேயே தள்ளிக்கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியதை அவன் பார்த்திருந்தான். வெயில் படாமல் இருக்கட்டும் என்றுதான் அப்போது நினைத்தான். தன் பிள்ளையைத் தினமும் தானே அடித்து எழுப்பியிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

மிஸ் போனதும் நப்லாவை உள்ளே கூப்பிட்டான்.

"நீயாவது சொல்லியிருக்கலாமே!"

நப்லா நிலத்தைப் பார்த்தாள். "சொல்லத்தான் வெளிக்கிட்டன். உம்மா விடல்ல. 'நம்மள நம்பி வந்த புள்ள, ஆசைப்பட்டுச் செஞ்சிரிக்கி, அவர்ர முகம் வாடினா எனக்குத் தாங்காது' எண்டா. மிஸ் கதைச்சத நீங்க கேட்டது உம்மாக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா வெக்கத்தில செத்திருவா."

ஆக, போய் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. கேட்டால் பொய் சொன்னது தெரிந்துவிட்டது என்று அந்த மனுசி குறுகிப்போவார். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திராது.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் முனீபிடம் போய் நின்றான். "பழையபடி ஆக்கித் தா மச்சான்."

"எத வெச்சு ஆக்குற? உள்ளுக்க இருந்ததெல்லாம் பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிட்டான். நீதானே வேணாம் எண்ட?" முனீப் கையைத் துடைத்துக்கொண்டான். "கம்பனிச் சைலன்சர் கொழும்பில இருந்து எடுக்கணும். சொல்லிவிடுறன். வரும்வரைக்கும் பொறு."

அன்று மாலை அஷ்பாக் பாலத்தில் முறுக்கவில்லை. ஒழுங்கைக்குத் திரும்புவதற்கு வெகு முன்னாலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளினான். மணல் பாதை, பாரமான பைக், வியர்வை முதுகில் வழிந்தது. எதிரே வந்தவர்கள் "என்ன, பெற்றோல் முடிஞ்சா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டிவைத்தான். இப்படியாவது தண்டனை அனுபவிக்கிறோம் என்று உள்ளுக்குள் ஓர் ஆறுதல்கூட வந்தது.

வீட்டின் பக்கவாட்டுப் படலையைத் திறந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தபோது குசினிக் கதவு திறந்து கிடந்தது. அங்கேயே நின்றுவிட்டான்.

ஹுஸ்னியா சுவரோடு சாய்ந்து பாயில் கால் நீட்டி இருந்தார். மடியில் ஸஹ்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியின் இரண்டு உள்ளங்கைகளும் பிள்ளையின் இரண்டு காதுகளையும் பொத்தியிருந்தன. அவர் நெற்றியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட அவர் கையை எடுக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினார்.

"விடுங்க உம்மா, அவர் இண்டைக்குப் பிந்துவார் போல" என்றாள் அடுப்படியில் நின்ற நப்லா. "எவ்வளவு நேரம் இப்பிடி இரிப்பீங்க? கை விறைச்சிப் போகும்."

"விறைச்சித்தான் போச்சி. பரவால்ல. கைய எடுக்கிற நேரம் பாத்துத்தான் வருவார். பொத்திப் புடிச்சா இவள் அவ்வளவாத் துடிக்கிறல்ல. அவர் வந்து நிப்பாட்டினாப் பொறகு எடுக்கிறன்."

வராத ஒரு சத்தத்துக்காக அந்தக் கைகள் காத்திருந்தன. இவன் தள்ளிக்கொண்டு வந்த நேரமெல்லாம் சேர்த்துக் காத்திருந்திருக்கின்றன. திரும்பிப் போய் ஒழுங்கை முனையில் ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்தால்தான் அவருக்குக் கை ஆறும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் அவனுக்கு வந்தது. பைக்கைத் திருப்பக்கூடப் பார்த்தான். ஸ்டாண்ட் கல்லில் தட்டியது.

ஹுஸ்னியா நிமிர்ந்தார். கண்ட மாத்திரத்தில் கைகள் இரண்டும் பிள்ளையின் காதை விட்டுப் பறந்து முக்காட்டைத் தேடின. விறைத்த விரல்களுக்குள் சீலை அகப்படவில்லை, இரண்டு தரம் நழுவியது. நப்லா பக்கம் திரும்பி, பதற்றத்தை மறைத்துக்கொண்டு சொன்னார்.

"அவர் தள்ளிக்கொண்டு வந்திரிக்கார் புள்ள. பைக்குக்கு என்னமாம்? நல்ல சத்தமா ஓடின பைக். வாப்பா பள்ளியால வந்தா அனுப்பித் திருத்துவிப்பம் எண்டு சொல்லு. கவலப்பட வேணாமாம்."

நப்லா வாயைத் திறந்தாள். அதற்கு முன் அஷ்பாக் வாசற்படியில் அப்படியே குந்திவிட்டான். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மாமியின் முகத்தைப் பார்த்து நேரே கதைத்தான்.

"பழுதாக்கினது நான்தான் மாமி. வெட்டின அண்டைக்கே பழுதாக்கிட்டன்."

ஹுஸ்னியா முக்காட்டுக்குள்ளே இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மகளைப் பார்க்காமல், அவனைத்தான் பார்த்து, "புள்ள தூங்குது மகன்" என்றார் மெல்ல.