டப்பா மெஷின்

மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். மாடிப்படியின் உச்சியில் ஒரு சின்ன இரும்புக் கதவு போட்டே ஆக வேண்டும். என் மச்சான் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவருடைய தங்கை, அதாவது என் மனைவி, வேறு முடிவு செய்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் தையல்காரி.

"நானே வெல்டிங் மெஷின் வாங்கிப் பத்த வைக்கிறேன். ரொம்ப நாள் ஆசை. இந்தக் கதவு சரியா வந்தா தொடர்ந்து செய்வேன். வரலைன்னா தையலோட நிறுத்திக்கிறேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கடையில் இரண்டு வெல்டிங் மெஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மச்சான் விலை கூடியதைத் தட்டிக் காட்டினார். "இதுதான் என்கிட்ட இருக்கு. ராடு இரும்புல ஒட்டிக்காது. கை தப்புனாலும் அதுவே சமாளிச்சுக்கும்."

எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. பஸ் ஓட்டுகிறவன் நான், எதிலும் பெரிசு வேண்டும் எனக்கு. அவளோ பாதி விலை மெஷினைத் தூக்கிப் பார்த்தாள்.

"பழக இது போதும்ணே. மிச்சத்துல நல்ல முகமூடியும் கையுறையும் வாங்கிக்கிறேன். மெஷினை அப்புறம் மாத்திக்கலாம், கண்ணை மாத்த முடியுமா?"

"டப்பா! ஒரே வாரத்துல மூலையில தூங்கப் போகுது பாரு" என்றார் மச்சான். கடைக்காரர் முன்னால் என் முகம் தொங்கிப்போனது.

முதல் சில நாட்கள், உருகிப் பற்றவைக்கும் குச்சியான ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அவள் முணுமுணுத்தபடி பிடுங்குவாள், மறுபடி வைப்பாள். துண்டு இரும்புகளிலெல்லாம் கோடு கோடாகப் போட்டுத் தள்ளினாள். கோடு நேராக வந்ததும் கதவுச் சட்டத்தில் கை வைத்தாள். ஒவ்வொரு மூலையையும் ஒரே மூச்சில் முழுதாகப் பற்றவைத்து முடித்தாள். படியில் நிறுத்திப் பார்த்தால் சட்டம் முறுக்கிக்கொண்டு நின்றது. கொக்கி எட்டவே இல்லை.

"நான் சொன்னேன்ல?" என்று மச்சான் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்பவே இதைத் திருப்பிக் குடுத்துட்டுப் பெரிசை வாங்கிட்டு வரேன்" என்று மெஷினைத் தூக்கினேன்.

அவள் கையுறைகளைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். தையலோடு நிறுத்திக்கொள்வேன் என்றவள் ஆயிற்றே, தூக்கிய மெஷினோடு நின்றுவிட்டேன். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

பாதியில் கிடந்த ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் கையைத் தோளோடு பொருத்தி, தைப்பதற்கு முன் அசையாமல் நிற்க ஊசியால் தளர்வாக நூலோட்டத் தொடங்கினாள். நாலு இழை போயிருக்கும். ஊசி நின்றது.

"ஐயையோ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த மெஷினைக் கீழ வைங்க முதல்ல! நூலோட்டாம என்னைக்காவது சட்டைக்குக் கை வச்சிருக்கேனா? ஒரு பக்கமா இழுத்துக்கும்ல? துணியில தெரிஞ்சது இரும்புல தெரியாமப் போச்சே எனக்கு!"

சட்டத்தை வெட்டிப் பிரித்தாள். இந்த முறை நாலு மூலையிலும் பொட்டுப் பொட்டாக மட்டும் வைத்தாள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தாள். பிறகு இங்கே கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்தாள். தரையில் போட்டபோது சட்டம் சொன்ன பேச்சைக் கேட்டுப் படுத்தது.

கதவைப் படியில் மாட்டியதும் மச்சான் வந்து ஒரு விரலால் அதைத் தள்ளினார். கொக்கி டக்கென்று விழுந்தது. மகள் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள், கத்தினாள், உலுக்கினாள். கதவு அசையவில்லை. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூலைகளைக் கட்டைவிரலால் தடவினார். சில இடங்களில் மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது, ஆனால் பிடி கெட்டியாக இருந்தது.

"நாளைக்குப் பட்டறைக்கு வா" என்றார் தங்கையிடம். "சன்னல் சட்டம் நிறையக் கிடக்கு. உன் மெஷினையும் எடுத்துட்டு வா."

"எந்த மெஷின் மச்சான்? அந்த டப்பாவா?" என்றேன் நான். விடுவேனா!

"வாயைக் கிளறாதீங்க மாப்பிள்ளை" என்று அவரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை மெஷினை நான்தான் கொண்டுபோனேன். சின்ன மெஷின், ஒரு கையில் தொங்கவிட்டுப் போகலாம். நான் தோளில் ஏற்றிக்கொண்டு, கடைக்காரர் வாசல் வழியாகச் சுற்றிப் போனேன். எங்கே போகிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்: "என் பொண்டாட்டி வேலைக்குப் போறா."