டூரிஸ்ட் விசாவில் குளிப்பாட்டக் கூடாதாம்

எங்காத்துக்காரர் கல்யாணராமன் மத்திய சர்க்கார்ல அண்டர் செகரட்டரியா இருந்து ரிடையர் ஆனவர். ஃபைல் போயிடுத்து, வியாதி போகலை. எங்க மயூர் விஹார் சொசைட்டி லிஃப்ட்ல யாராவது சைக்கிளை ஏத்தினாக்கூட, எந்த விதிப்படின்னு கேட்பார்.

எங்க ஒரே பொண்ணு ஸ்நேஹாவுக்கு வெளிநாட்டுல தலைப்பிரசவம். எந்த தேசம்னு சொல்லமாட்டேன். மறுபடி அவா கிட்டதானே விசாவுக்கு நிக்கணும்! "அம்மா, பயமா இருக்கு, நீ பக்கத்துல இருந்தாப் போதும்"னு ஃபோன்ல அழுதா. அதுக்கப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை? பெட்டியை இறக்கித் தூசி தட்டிட்டேன்.

இவர் விடுவாரா? விசா விதியெல்லாம் பிரிண்ட் எடுத்து, பச்சை மசியால அடிக்கோடு போட்டு, சாப்பாட்டு மேஜையில எனக்குக் கிளாஸ் எடுத்தார்.

"பிசினஸ் விசான்னா மீட்டிங் போகலாம், பேரம் பேசலாம், அந்த ஊர்ச் சம்பளம் வாங்கக் கூடாது. டூரிஸ்ட் விசான்னா சுத்திப் பார்க்கலாம், சொந்தக்காராளைப் பார்க்கலாம், வேலை செய்யக் கூடாது."

"சரி, நாம பொண்ணைப் பார்க்கத்தானே போறோம்?"

"குழந்தையைக் குளிப்பாட்டுவியோன்னோ? அங்கே அது ஆயா வேலை. பத்தியம் சமைச்சா சமையல்காரி வேலை. பிரசவம்னு வாயைத் திறந்தியோ, ரிஜெக்ட்! அருவி பார்க்கப் போறோம்னு சொல்லு."

அடடா, என்ன மூளை! பெத்த பொண்ணோட குழந்தைக்கு வெந்நீர் விட்டா, அந்த தேசத்து ஜனங்க பிழைப்புல நான் மண்ணைப் போடறேனாம். இருந்தாலும் படிச்சவர் ஆச்சேன்னு, நானும் அருவி பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணினேன்.

சாணக்யபுரியில அந்தத் தூதரகத்துல ஒவ்வொருத்தரா கூப்பிட்டா. முதல்ல இவர். நான் பின்னாடியே நின்னுண்டிருந்தேன், எல்லாம் காதுல விழுந்தது.

"உங்க பொண்ணு அங்கே இருக்காளே, அவளைப் பார்க்கப் போகலையா?"ன்னு அதிகாரி நல்ல ஹிந்தியில கேட்டான்.

"நேரமிருந்தா பார்ப்போம் சார். அருவிதான் முக்கியம்."

அங்கே ஒருத்தி வயத்தைத் தள்ளிண்டு பயந்து கிடக்கா, பெத்த அப்பன் நேரமிருந்தா பார்ப்பாராம்! அதிகாரியும் மனுஷன்தானே, நம்பலை. "மன்னிக்கணும்"னு பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துட்டான்.

அடுத்து நான். எதுக்குப் போறேள்னு கேட்டான். அருவியாவது மண்ணாவது! "பொண்ணுக்குப் பிரசவம். மிளகு ரசம் வச்சுக் கொடுப்பேன், குழந்தையைக் குளிப்பாட்டுவேன், திரும்பி வந்துடுவேன்"னு போட்டு உடைச்சேன்.

"சம்பளம் உண்டா?"

"பொண்ணு கிட்டேர்ந்தா? திட்டுதான் கிடைக்கும், தம்பி."

சிரிச்சுட்டான். எனக்கு விசா கிடைச்சுடுத்து.

ஆட்டோவில ஏறினதும் இவர் ஆரம்பிச்சார். "நானில்லாம தனியா எப்படிப் போவே? நடுவுல பிளேன் வேற மாறணும். இரு, மறுபடி சேர்ந்தே அப்ளை பண்ணலாம்."

"ஏன்னா, உங்க மனு பாஸாகற வரைக்கும் பிரசவம் காத்திண்டிருக்குமா?"

யமுனைப் பாலம் தாண்டினப்புறம், எந்த விதியையும் இழுக்காம, சின்னக் குரல்ல கேட்டார்: "குழந்தை பொறந்ததும் வீடியோவில எனக்கு முதல்ல காட்டறியா?"

பாவமாத்தான் இருந்தது. காட்டறேன்னேன். ஆத்துக்கு வந்ததும் டிக்கெட் போட்டேன், ஒரே ஒரு டிக்கெட்.